அந்தியூரில் யாரும் சாகவில்லை

சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தால் நாமெல்லாம் முதலில் படத்தைப் பார்ப்போம். தெரிந்த முகமா என்று யோசிப்போம். பிறகு பெயர், வயது. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முதலில் ஊரைப் பார்ப்பார். அது போஸ்டரின் அடியில், துயரத்தில் ஆழ்ந்திருப்பவர்களின் நீண்ட பட்டியலுக்கும் கீழே, பொடி எழுத்தில் இருக்கும். சைக்கிளை நிறுத்தி, இறங்கி, குனிந்து அதைத்தான் படிப்பார். உள்ளூர் என்றால் முகம் வாடிவிடும். கோபி, தாராபுரம், மூலனூர் என்றிருந்தால் நிமிர்ந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “பாவம்” என்பார். அவ்வளவு சந்தோஷமான ஒரு ‘பாவம்’ நான் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை.

துடியலூரில் அவர் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் இரண்டரை வருடம் குடியிருந்தேன். அங்கிருந்து வந்து ஏழெட்டு வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து ஒரு பம்பு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். கீழே முன்பக்கம் அவருடைய வெட்கிரைண்டர் பட்டறை, பின்பக்கம் வீடு. பட்டறையை நடத்தியது அவருடைய மனைவி. அவரை அக்கா என்பேன், இவரை அண்ணா என்பேன். கல் பார்த்து எடுப்பது, மோட்டார் வாங்குவது, வியாபாரிகளிடம் பேசுவது எல்லாம் அக்கா. செய்து முடித்த கிரைண்டரை நாள் முழுக்க ஓடவிட்டு, சத்தம் வருகிறதா, சூடாகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அண்ணன். உட்கார வேண்டிய வேலையை அந்த வீட்டில் உட்காரவே தெரியாத ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

நான் குடிவருவதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தைத் தெருவில் ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அக்கா அவரைக் கொத்தமல்லித்தழை வாங்க அனுப்பியிருக்கிறார். சைக்கிளில் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வந்தவர் சந்தைப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வந்தார். கையில் ஊட்டி கேரட் ஒரு கட்டு. இதற்குள் அக்காவின் அண்ணன்மார் இரண்டு பேர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் தேடிப் போய், பிணவறையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எதற்காகப் போனீர்கள் என்று கேட்டதற்கு, “ரோடு போயிட்டே இருந்துதுங்க” என்றாராம்.

அக்கா சண்டை போடவில்லை. குலசாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை அடித்து அணைக்கச் சொல்லி, சத்தியம் வாங்கிவிட்டார். இனி ஊர் சுற்றச் சைக்கிளை எடுப்பதில்லை. அண்ணன் ஒரே ஒரு விலக்குக் கேட்டார். எழவு. அதை அக்காவாலும் மறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மொய்யைக் கொடுத்துவிட்டுச் சரிக்கட்டலாம். எழவு கேட்க வராதவனைச் சொந்தக்கார ஒரம்பரை ஏழு தலைமுறைக்கும் மன்னிக்காது. பஸ்ஸில் போகலாமே என்றால், பஸ் ஏறினால் அவருக்கு வாந்தி. அக்கா மொபெட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பெட்ரோல் வாசமும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மொபெட்டில் அக்காதான் கணபதிக்கும் உக்கடத்துக்கும் போய் வந்தார்.

ஆக, யாராவது செத்தால்தான் அவர் சைக்கிள் மிதிக்க முடியும்.

இப்படி ஒரு நிபந்தனையில் வேறு மனிதர்கள் ஒடுங்கியிருப்பார்கள். இவருடைய உறவு வட்டம் விரிந்தது. குலத்தில் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். இரண்டிலும் அடங்காதவர் என்றைக்காவது ஒருநாள் இவர் பட்டறைக் கிரைண்டரில் அரைத்த மாவில் இட்லி தின்றிருப்பார். இந்தக் கணக்குப்படி பொள்ளாச்சிக்கும் பவானிக்கும் நடுவில் யாரும் இவருக்குச் சொந்தமாகாமல் செத்துப் போக முடியாது. பக்கத்துத் தெரு எழவுகளுக்கு மட்டும் அக்காவை அனுப்பிவிடுவார். “அதுக்கு நான் எதுக்கு கண்ணு? நடந்தே போயரலாமே” என்பார்.

அக்காவுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு மாதத்தில் மூன்று பேர் செத்ததும் மாடிக்குக் குரல் கொடுத்தார். “இந்தத் தம்பியக் கூட்டிட்டுப் போங்க. படிச்ச பையன், பொய் சொல்லாது.” அப்படித்தான் நான் சாட்சியானேன்.

என்னிடம் அப்போது முன்னேறுவது எப்படி என்பதைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. பகுதிநேர பி.இ. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் காலை நான்கு மணிக்கு எழ வேண்டும் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதைத் தினமும் ஏழரை மணிக்குப் படிப்பேன். மூன்று புத்தகங்களும் செய்யாததை முன்பின் தெரியாத ஒரு பொள்ளாச்சிக்காரர் செத்துச் செய்தார். சொன்னது சொன்னபடி நாலு மணிக்கு அண்ணன் கதவைத் தட்டினார்.

அது ஆனி மாதம். உக்கடம் குளக்கரை தாண்டியதுமே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விலாவில் குத்தத் தொடங்கியது. கிணத்துக்கடவுக்கு முன்பே எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து, ஒரே சீராக மிதித்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ள மாட்டார். செத்தவரை வைவார். “ஏஞ்சாமி, இத்தன மேட்டுல குடியிருக்கோணும்னு உனக்கு என்ன விதி? பள்ளத்துல இடமே கெடைக்கலியா?” மேடு முடிந்து இறக்கம் வந்ததும், “நல்ல மனுசன் கண்ணு” என்பார். எந்த இடத்தில் கேட்டாலும் இன்னும் நாலு மைல்தான். பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை நாலு மைல்தான்.

எழவு வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதையை நான் பிறகு ஒரு மந்திரிக்குக்கூடக் கண்டதில்லை. முப்பது நாற்பது மைல் காற்றிலும் புழுதியிலும் வந்ததால் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருக்கும். இறங்கியதும் கால் நடுங்கும். வியர்வையில் சட்டை ஒட்டியிருக்கும். வாய் பேச வராது, தண்ணீர் கேட்டுக் கையைத்தான் காட்டுவார். பார்த்தவர்கள் பதறிப்போய் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பார்கள். பெற்ற பிள்ளைகளே இவ்வளவு அழவில்லையே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். பெற்ற பிள்ளைகள் தலைகுனிந்துகொள்வார்கள். ஒரு சொம்பு மோர் குடித்ததும் அவருக்கு முகம் தெளிந்துவிடும். அதற்குள் கிளப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் காங்கயம் பக்கம் ஒரு வீட்டில், வந்த வழியின் குளிர்ச்சியில் தன்னை மறந்து, கைகூப்பி, “ரொம்ப சந்தோசமுங்க, வாரேனுங்க” என்றுவிட்டார். ஒரு பர்லாங்கு தூரம் திரும்பிப் பார்க்காமல் மிதித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைத்தான் கேட்பார். “நெசமாலுமே எழவுதானுங்களா தம்பி?” ஆமாங்க்கா என்பேன். அது உண்மை. ஒரு பொய் எழவுக்குக்கூட அவர் போனதில்லை. அதில் அவருக்குக் கர்வமே உண்டு.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பட்டறையில் புதிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினார். “காலைல ஆறு மணிலிருந்து ஓடுது. ஒரு எட்டு நகந்துருக்குதான்னு பாரு.” அதற்குமேல் விளக்கவில்லை. நானும் சுவரில் ஒட்டியிருந்த தாளை அன்றைக்குக் கிழித்துப் போட்டேன். தேவைப்படவில்லை. வாரத்தில் ஒருநாள் ஐம்பது மைல் மிதித்தவனுக்கு மற்ற நாட்களில் தூக்கம் தானாகக் கலைந்தது.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அந்தியூர்.

ஆடி மாதம் அந்தியூரில் தேர்த் திருவிழா நோம்பியோடு குதிரைச் சந்தை கூடும். சைக்கிளிலேயே போய் அந்தக் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. போக எழுபது மைல், வர எழுபது மைல். அவர் அதுவரை போன எதையும்விடப் பெரிய தூரம். ஆனால் குதிரை பார்ப்பது எழவில் சேராது. அந்தியூரில் அவருக்கு அசல் சொந்தமாகவே ஒருவர் இருந்தார், அம்மாவின் அக்காவைக் கட்டிய பெரியப்பா. தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆனியிலும் படுக்கையில் விழுவார். அண்ணன் செயினுக்கு எண்ணெய் போட்டுத் தயாராவார். ஆடி பிறந்ததும் பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். தகவல் வந்ததும் அண்ணன், “பொழச்சுக்கிட்டாராமா” என்று சொல்லும்போது குரல் கம்மும். பெரியப்பாமேல் எவ்வளவு பாசம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

நான் இருந்த இரண்டாவது வருடம் அவருக்கு வலது முட்டி வீங்கத் தொடங்கியது. மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் அறையில் தைலம் தேய்ப்பார். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்றார். அந்த ஆடியில் ஒருநாள் விடியற்காலம் என்னை எழுப்பினார். அந்தியூர்ப் பெரியப்பா தவறிவிட்டாராம், ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாம். அக்கா வாசலில் கலங்கிப்போய் நின்றிருந்தார். பட்டறையில் அன்றைக்குக் கிரைண்டர் எடுக்க வியாபாரி வருகிற நாள். நீங்கள் போங்கள் என்று சொல்லிக் கட்டுச்சோறு கொடுத்தனுப்பினார்.

சரவணம்பட்டி போய்ச் சத்தி ரோட்டைப் பிடித்தோம். அன்னூர், புளியம்பட்டி எல்லாம் தாண்டியும் அவர் பெரியப்பாவை ஒரு வார்த்தை வையவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. சத்தியமங்கலத்தில் பவானிப் பாலத்தின் மேல் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்லோணும் கண்ணு. பெரியப்பன் சாகல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னையும் பொய்யனாக்கிவிட்டீர்களே, அக்கா கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஆடிக்கு இந்த முட்டி தாங்காது. அவரு தாங்கிருவாரு.”

நான் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன். திரும்பினால் நாற்பது மைல், முன்னால் போனால் முப்பதுக்குள். உண்மையைவிடப் பொய் பத்து மைல் கிட்டத்தில் இருந்தது. என் காலைக் கேட்டேன். அது முன்னால் போகலாம் என்றது. எனக்கும் குதிரை பார்க்க வேண்டும்போல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தாணிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் கம்பியில் பெரிய ரோஜா மாலை ஒன்று கட்டித் தொங்கியது. “எங்கியோ நல்ல எழவு போலிருக்குது” என்றார் ஏக்கத்தோடு.

மத்தியானத்துக்குமேல் அந்தியூர் போய்ச் சேர்ந்தோம். அவர் குதிரைகளைப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை, கறுப்பு, செம்மண் நிறம் என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முதலில் முட்டியைத்தான் பார்த்தார். ஒரு தரகர் வந்து, வாங்குகிறீர்களா என்றார். “ஏறி வந்தது அக்கட்டால ஒண்ணு நிக்குதுங்க, அதுக்கே தீனி போட முடியல” என்று சைக்கிளைக் காட்டினார். பொழுது இறங்கும்வரை அங்கேயே திரிந்தோம். பிறகு, வந்தது வந்தோம், பெரியப்பாவை உயிரோடேயே ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று அவராகச் சொன்னார்.

வீட்டு வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது.

அவருடைய கணக்கு எங்கே தப்பியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் இட்டுக்கட்டிய சொந்தங்கள் செத்தால் அக்கா வரமாட்டார். இது அசல் மாமனார் முறை. மருமகள் வந்து அழாவிட்டால் ஊர் பேசும். நாங்கள் கிளம்பியபின் எட்டு மணிவரை யோசித்துவிட்டு, அக்கா பட்டறையைப் பூட்டி, கோடி வேட்டியும் மாலையும் வாங்கி, பஸ் ஏறிவிட்டார். எழவுக்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே அழத் தொடங்குவது முறை. முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்த அக்கா, வாசல் கட்டிலில் கைக்கு அகப்பட்ட முதல் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். அந்தக் கைக்குச் சொந்தக்காரரும், துடியலூரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கூடவே கதறினார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆரு அம்மணி போனது?” என்று அவர் கேட்டபோதுதான் அக்கா முந்தானையை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

நாங்கள் போனபோது பெரியவர் அதே கட்டிலில், புது வேட்டி கட்டி, கழுத்தில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். “ஏங் கண்ணு, எனக்கு எழவு கேக்க இத்தன நேரமா? உன்ற பொண்டாட்டி மத்தியானமே வந்து அழுது முடிச்சுப்போட்டா.”

அக்கா அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுங்களா தம்பி?”

“சத்திப் பாலத்துல தெரிஞ்சுதுங்க்கா.”

“அப்பறமும் வந்தீங்க?”

“வந்தேனுங்க.”

அண்ணன் நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி நின்றார். சைக்கிள் சாவியை அக்கா கையை நீட்டிக் கேட்டால் அன்றோடு அது முடிந்தது, அவர் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவும் கையை நீட்டினார். அப்போது கட்டிலில் இருந்து பெரியவர் இருமினார்.

“அவன வையாத அம்மணி. செத்துப்போனேன்னு நாந்தான் ஆள உட்டுச் சொல்லச் சொன்னது. உசுரோட கெடக்கறன்னு சொன்னா ஒரு நாயி எட்டிப் பாக்கறதில்ல. செத்தேன்னதும் ஒரே நாள்ல மூணு பேரு.”

அது பச்சைப் பொய் என்று அங்கிருந்த நால்வருக்கும் தெரியும். பின்பாதி பொய் இல்லை என்பதும் தெரியும். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சோறாக்க உள்ளே போனார்.

தண்டனை மறுநாள் காலையில் வந்தது. இரண்டு சைக்கிளையும் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தார் அக்கா. வாந்தி வருமென்று கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார். அத்தாணி தாண்டும்வரை அண்ணன் வறுத்த கடலை தின்றுகொண்டு வந்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். சத்தி பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றதும், வாந்தி வருகிறது என்று அண்ணன் இறங்கினார். பத்து நிமிஷம் கழித்துக் கண்டக்டர் வந்து, மேலே இரண்டு சைக்கிளில் ஒன்றைக் காணோமே என்றார்.

சத்தியைத் தாண்டியதும், வெயில் ஏறிய புளியம்பட்டி ரோட்டில், முன்னால் குனிந்து ஒரே சீராக மிதித்துப் போகும் முதுகு தெரிந்தது. வலது முட்டி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியே போய் வந்தது. தலையில் துண்டு இல்லை, அது சீட்டிலேயே கிடந்தது. அக்கா கண்டக்டரிடம் சொல்லி விசில் அடிக்கவைத்தார். பஸ் மெதுவானது. தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டின் மேல் கவிழ்த்து நனைத்து, ஜன்னல் வழியே அவர்மேல் விட்டெறிந்தார். வசவுக்காகக் கண்ணை மூடிக்கொண்ட அண்ணன் முகத்தில் ஈரத்துண்டு போய் விழுந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அக்கா என் பக்கம் திரும்பினார். “உங்க தலகாணிக்கடில அவரு தைலம் வெச்சிருக்கறது எனக்குத் தெரியாதுங்களா? நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா நான் உட்டிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.” வெளியே பார்த்தார். “எழவுன்னு இனி ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு சொல்லுங்க. பாக்கோணும்னா உசுரோட இருக்கறவங்களப் போய்ப் பாக்கட்டும். உங்க சைக்கிள் மேல சும்மாதானுங்க கெடக்குது தம்பி? அந்த முட்டியோட அவரத் தனியா உடாதீங்க.”

கண்டக்டர் வைதுகொண்டே ஏணியில் ஏறிச் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். நான் ரோட்டோரம் காத்திருந்தேன். அண்ணன் தலையில் ஈரத்துண்டோடு வந்தார். அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். காலை ஊன்றி நின்று கேட்டார். உயிரோடு இருக்கிறவர்கள் என்ற இடத்தில், போஸ்டரின் அடியில் ஊர் பார்க்கிற அதே முகம் வந்துவிட்டது.

“மூலனூர்ல ஒரு அத்த இருக்குது கண்ணு. நல்லா கல்லாட்டமா இருக்குது. போற வழிதான், எட்டிப் பாத்துட்டுப் போயரலாமா?”

எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“நாலு மைலு.”

நாங்கள் நின்ற இடத்திலிருந்து துடியலூர் ஒரு பக்கம், மூலனூர் இன்னொரு பக்கம், நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அது எனக்குத் தெரியும். சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.